வெளிக்கிப் போற விஷயத்தை வெளியே சொல்லலாமுங்க: வயிறு, குடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடியே நம் பக்கம் பேசிக்கொள்கிறோம். மலத்தில் ரத்தம் வருவதை மட்டும் கட்டின மனைவியிடம்கூட மாதக்கணக்கில் சொல்வதில்லை. குடல் நோய்களில் பலவும் தொடக்கத்தில் வாய் திறந்து சொன்னால் மாத்திரையோடோ சின்ன சிகிச்சையோடோ முடிந்துவிடுபவை. கேள்விகளை ஜனங்கள் கேட்கிற பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

டாக்டர்கிட்டப் போய் இதை எப்படிங்க சொல்றது? வாயே வர மாட்டேங்குது.

வெளிக்கி, ரெண்டுக்கு, மோஷன் என்று எந்தச் சொல்லில் சொன்னாலும் டாக்டருக்குப் புரியும். "வயிறு சரியில்லைங்க" என்று மட்டும் சொன்னால்தான் சிக்கல். அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கேஸ் மாத்திரை. உண்மையான தொந்தரவைக் கிளம்பும்போது கதவருகே நின்று சொல்கிறவர்கள் நிறைய. அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்திருப்பார். ஆகவே உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "இருபது நாளா வெளிக்கிப் போறப்ப ரத்தம் வருதுங்க." அவ்வளவு போதும், மீதியை அவரே கேட்பார்.

அதுவும் வரவில்லையா? துண்டுச் சீட்டில் எழுதி நீட்டிவிடுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, முன்பு ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இப்போது எத்தனை தடவை, கட்டியா கூழா தண்ணியா, ரத்தம் உண்டா, அது என்ன நிறம், போகும்போது வலிக்கிறதா, தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருக்கிறதா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா. இதோடு சாப்பிடும் எல்லா மருந்தும் வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை எதையும் விட வேண்டாம். மலத்தை போனில் ஒரு படம் எடுத்துக் காட்டுவதில் தப்பே இல்லை. நிறத்தை விவரிப்பதைவிட அது தெளிவு.

பெண்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம். ஆண் டாக்டர் பரிசோதித்தால் நர்ஸ் ஒருவர் கூட இருக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனா சரிங்க?

ஒரு நாளைக்கு 3 தடவை போகிறவரும் வாரத்துக்கு 3 தடவை போகிறவரும் நலமாகவே இருக்கலாம். எண்ணிக்கையைவிட உங்களுக்கு வழக்கமாக இருந்தது மாறியதா என்பதுதான் முக்கியம். நாற்பது வருசமாகக் காலையில் ஒரு தடவை போனவர் திடீரென்று நாலு தடவை போக ஆரம்பித்து, அது 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்ட வேண்டும்.

மலத்தின் உருவத்தை 1 முதல் 7 வரை பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று உண்டு. ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தால் 1, முழுக்கத் தண்ணியாக இருந்தால் 7. 3, 4 என்பது நல்லது. அந்த எண்ணைச் சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியும்.

ரத்தம் வந்தா மூலம்தானுங்களே? சூடுங்கறாங்க. மோரு குடிச்சா சரியாயிடாதுங்களா?

இந்த ஒரு நினைப்பில் வீணாகும் மாதங்கள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. ஆமாம், சிவப்பாக ரத்தம் வந்தால் பெரும்பாலும் மூலமோ ஆசனவாய் வெடிப்போ தான். ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஊகிக்க முடியாது. மூலம் இருக்கிறவருக்கே மேலே குடலில் கட்டியும் இருக்கலாம். மூலத்தைக் காரணம் காட்டி அதைத் தவறவிடுவதுதான் நடக்கிறது.

மூலத்தில் பொதுவாக வலி இருக்காது. மலம் போய் முடிந்ததும் சொட்டுச் சொட்டாகவோ பீச்சியோ சிவப்பு ரத்தம் வரும். வெடிப்பில் கண்ணாடித் துண்டு கிழிப்பது போல வலி, போன பிறகும் மணிக்கணக்கில் எரிச்சல், ரத்தம் கொஞ்சம்தான். ஆசனவாய்க்குப் பக்கத்தில் கொப்புளம் போல வந்து, சீழ் வடிந்து, ஆறி, மறுபடி வந்தால் பவுத்திரம். ரத்தம் மலத்தோடு கலந்து, சளியோடு, கருஞ்சிவப்பாக வந்தால் அது இன்னும் மேலேயிருந்து வருகிறது என்று பொருள்: குடல் புண், குடல் அழற்சி, கட்டி, அமீபா சீதபேதி எதுவாகவும் இருக்கலாம். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது. அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போகும். இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல.

மோர் நல்லதுதான், தாராளமாகக் குடியுங்கள். ஆனால் கட்டிக்கு அது மருந்தில்லை. மோர் குடித்த வாரத்தில் ரத்தம் நின்றுபோனாலும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மூலமும் சரி, கட்டியும் சரி, விட்டு விட்டுத்தான் ரத்தம் விடும்.

விரலை விட்டுப் பார்ப்பாங்களாமே. அதுக்குத்தானுங்க பயமே.

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இடது பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். கையுறை போட்டு, ஜெல் தடவி, விரலால் மலக்குடலின் கீழ்ப்பகுதியைத் தடவிப் பார்ப்பார்கள். வாயால் மூச்சை மெதுவாக விட்டால் தசை இறுகாது. வெடிப்பு இருந்து வலி அதிகமென்றால் முன்பே சொல்லுங்கள், மரத்துப்போகும் ஜெல் தடவுவார்கள், அல்லது அந்தச் சோதனையைத் தள்ளிவைப்பார்கள். மலக்குடலின் அடிப்பகுதிக் கட்டியை எந்த மிஷினும் இல்லாமல் இந்த விரலே கண்டுபிடித்துவிடும். ரத்தம் வருகிறது என்று சொன்ன பிறகும் பார்க்காமலே களிம்பு எழுதிக் கொடுத்தால், "ஒருக்கா பார்த்துருங்க" என்று நீங்களே கேளுங்கள்.

பஸ் ஸ்டாண்டு சுவத்துல "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாம ஒரே ஊசி"ன்னு ஒட்டியிருக்காங்களே?

போக வேண்டாம். படிக்காதவர்கள் போடும் அந்த ஊசியில் என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது. சுற்றியிருக்கிற சதை வெந்து அழுகி, ஆறும்போது ஆசனவாயே சுருங்கி, பென்சில் பருமனுக்குக்கூட மலம் வெளியேற முடியாமல் ஆனவர்களுக்குப் பிறகு செய்ய வேண்டிய ஆபரேஷன், மூலத்துக்கான ஆபரேஷனைவிட எத்தனையோ மடங்கு பெரிது.

தொடக்க நிலை மூலத்துக்கு நார்ச்சத்து, தண்ணீர், முக்காமல் போகும் பழக்கம் இவையே பாதி வைத்தியம். அதற்கடுத்து ரப்பர் வளையம் போடுவது. அதற்குப் படுக்கை தேவையில்லை, அன்றைக்கே வீடு திரும்பலாம். வெதுவெதுப்பான தண்ணீரை அகலமான பேசினில் ஊற்றி 10 முதல் 15 நிமிடம் உட்காருவது, நாளைக்கு 2, 3 தடவை, வலியை நன்றாகக் குறைக்கும். வெறும் தண்ணீர் போதும், டெட்டால் ஊற்றினால் எரிச்சல் கூடும். சித்தா, ஆயுர்வேதம் பார்ப்பதானால் பதிவு பெற்ற மருத்துவரிடம் பாருங்கள். பவுத்திரத்துக்கு மருந்து தடவிய நூல் கட்டும் முறை ஆயுர்வேதத்தில் முறையாகக் கற்றுச் செய்யப்படுவது, சுவரொட்டி ஊசியோடு அதைச் சேர்க்க முடியாது.

எதுக்கெல்லாம் உடனே போகோணும், எதுக்குக் கொஞ்சம் பொறுக்கலாமுங்க?

108-ஐக் கூப்பிட வேண்டியவை: ரத்த வாந்தி, காப்பிப் பொடி மாதிரியான வாந்தி, தார் போன்ற மலத்தோடு தலைசுற்றல், வயிறு பலகை போல இறுகி அசையவே முடியாத வலி, வயிறு உப்பி வாந்தி வந்து காற்றும் மலமும் ஒட்டுக்கா நின்றுபோவது.

ஒன்றிரண்டு வாரத்துக்குள் காட்ட வேண்டியவை: மலத்தில் எந்த ரத்தமானாலும் சரி (தார் போன்றதானால் அன்றைக்கே), முயற்சி இல்லாமலே எடை இறங்குவது, அதாவது 60 கிலோ ஆள் ஆறு மாதத்தில் 3 கிலோ இழந்தாலே கணக்கில் எடுக்க வேண்டும், சாப்பாடு நெஞ்சில் சிக்குவது, முதலில் களி, சப்பாத்தி, பிறகு சோறு, பிறகு கஞ்சி என்று வளர்ந்தால் இன்னும் அவசரம், கண் மஞ்சளாகி மலம் வெளுத்து மூத்திரம் கறுப்பது, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ ரத்தசோகை. இந்தக் கடைசியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆணுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே, பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. டானிக் மட்டும் குடித்து எண்ணை ஏற்றிக்கொண்டால், ரத்தம் எங்கே கசிந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

விருந்து சாப்பிட்ட மறுநாள் வயிறு மந்தம், ஒரு நாள் பேதி, பயணத்தில் இரண்டு நாள் மலச்சிக்கல் இவற்றுக்குப் பொறுக்கலாம்.

அப்பாரு தோட்டத்துச் சாளையிலதான் இருக்காருங்க. கேட்டா "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்"ங்கறாரு.

"நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் நம் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி, ஒன்றை மட்டும் கேளுங்கள்: "அப்பாரு, வெளிக்கிப் போறப்ப ரத்தம் ஏதாச்சும் தெரியுதுங்களா?" ஒரம்பரை வந்திருக்கும்போது வேண்டாம். தோட்டத்தில் தண்ணி கட்டும்போதோ வண்டியில் போகும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசும் நேரம் நல்லது. மருமகள் மாமனாரிடம் இதைக் கேட்பது நம் வீடுகளில் நடக்காத காரியம், மகனோ மகளோ பேரனோ கேட்க வேண்டும்.

வாயால் வராவிட்டால் கண்ணால் பாருங்கள். வேட்டி கட்டும் இடம் மாறியிருக்கிறதா, சட்டை தொளதொளக்கிறதா, தட்டில் சோறு மிச்சமாகிறதா, கழிவறையில் இருக்கும் நேரம் கூடியிருக்கிறதா. தண்ணீர் ஊற்றும் முன் ஒருக்கா கீழே பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். சாளைக் கழிவறையில் வெளிச்சமில்லாமல் பல பேருக்கு நிறமே தெரிவதில்லை, ஒரு பல்பு போட்டுக் கொடுங்கள்.

பனியன் கம்பெனியில பாத்ரூமுக்கு எந்திரிச்சாலே மொறைக்கறாங்க. அடக்கி அடக்கி மலச்சிக்கலாயிடுச்சுங்க.

திருப்பூர்த் தையல் லைனிலும் பல்லடம், சோமனூர்த் தறிக்கூடங்களிலும் பெண்கள் இதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மலம் குடலில் நிற்க நிற்க அதிலிருக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், மலம் கல்லாகும். அடக்க அடக்க அந்த உந்துதலும் மங்கிப்போகும். பிறகு முக்க வேண்டி வரும், வெடிப்பு வரும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள். இந்தச் சுழலை உடைக்கக் காலை நேரம்தான் கைகொடுக்கும்.

சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள் பெருங்குடல் தானாக ஒரு தள்ளு தள்ளும், காலையில் அது பலமாக இருக்கும். ஆகவே வேலைக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே ஏதாவது சாப்பிட்டு, வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, உந்துதல் வந்தாலும் வராவிட்டாலும் 5 நிமிடம் போய் உட்காருங்கள். முக்க வேண்டாம், போன் வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் முக்கால் அடி உயரத்தில் ஒரு பலகை வையுங்கள், முழங்கால் இடுப்பைவிட மேலே வரும்போது வழி நேராகும். இரண்டு வாரம் விடாமல் செய்தால்தான் குடல் பழகும்.

நார்ச்சத்து நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். நூறு கிராம் கம்பிலும் ராகியிலும் சுமார் 11 கிராம், சோளத்தில் சுமார் 10, தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. நம் பாட்டிமார் கம்மஞ்சோறும் சோளச்சோறும் சாப்பிட்ட ஊரில் மூணு வேளையும் அரிசி என்றானதுதான் பாதிப் பிரச்சினை. ஒரு வேளையை மாற்றுங்கள். அரிசிம்பருப்பு சாதம் செய்தால் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறையுங்கள். கொள்ளு, தட்டைப்பயறு, கொய்யா, கீரை எதுவும் சந்தையில் விலை கூடியதில்லை. ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி வாங்கினால் ஒன்றிரண்டு ஸ்பூனை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, பின்னாலேயே இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் அது தொண்டையிலும் குடலிலும் உறைந்து அடைத்துக்கொள்ளும். குடித்த கையோடு படுக்கக் கூடாது. இத்தனையும் செய்தும் ஒரு மாதத்தில் மாறவில்லையென்றால் தைராய்டு, சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகள் இவற்றை டாக்டர் பார்க்க வேண்டும்.

ஒரு லைனில் முப்பது பேர் இருந்தால் அதில் பலருக்கும் இதே தொந்தரவு இருக்கும். நாலு பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேட்டால் ஒருத்தி தனியாக எழுந்திருக்கும்போது வருகிற கூச்சம் குறையும்.

வருசத்துக்கு ரெண்டு தடவை பேதிக்குக் குடிக்கற பழக்கம் நல்லதுங்களா?

நலமாக இருக்கும் பெரியவர் எப்போதாவது விளக்கெண்ணெயோ நிலாவிரையோ குடித்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் குடல் சுத்தமாக அது தேவையும் இல்லை. கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் கிட்னி நோயாளிக்கும் கூடாது. வயிற்று வலியோடு வாந்தியும் இருந்தால் யாருக்குமே கூடாது. குடல்வால் வீக்கமாகவோ குடல் அடைப்பாகவோ இருந்தால், பேதி மருந்து உள்ளே ஓட்டை விழவைத்துவிடும்.

நெஞ்சு கரிக்குதுங்க. கேஸ்தானே, சோடா குடிச்சாப் போயிடுமுங்களா?

முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இறுக்கிப் பிடிப்பது போன்ற வலி, வியர்வை, மூச்சு முட்டல், தாடைக்கோ கைக்கோ பரவுவது, நடந்தால் கூடி நின்றால் குறைவது இவை இருந்தால் இதயம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் மேல்வயிற்று வலியாகவும் வரும். சோடாவும் இஞ்சிச் சாறும் குடித்து விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள், ராத்திரியானாலும் போய் ஒரு இ.சி.ஜி. எடுங்கள். கேஸாகவே இருந்தால் நஷ்டம் ஒரு இ.சி.ஜி. செலவுதான்.

உண்மையான நெஞ்சு கரிப்புக்கு ராத்திரிச் சாப்பாட்டைப் படுக்க 3 மணி நேரம் முன்பே முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் அரை அடிக்குக் கட்டை வையுங்கள், தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் எதுக்களிக்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் காலையில் சாப்பிட அரை மணி நேரம் முன்பு போட வேண்டும், சாப்பிட்ட பிறகு போட்டால் பாதிதான் வேலை செய்யும். இரண்டு வாரம் தாண்டியும் மாத்திரை தேவைப்பட்டால், மெடிக்கலில் அடுத்த அட்டையை வாங்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரம், கவலை என்றே வெகுகாலம் நம்பினார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமிதான் பல புண்களுக்கும் மூலகாரணம் என்று காட்டிய பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சு, மலம், எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) எதிலும் இதைச் சோதிக்கலாம். சோதனைக்கு 2 வாரம் முன்பே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் 4 வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். எதையும் டாக்டரிடம் கேட்டே நிறுத்துங்கள். கிருமி இருந்தால் பொதுவாக 14 நாள் மருந்து. நடுவில் நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

இன்னொரு காரணம், உடம்பு வலிக்கு மெடிக்கலில் பொட்டலமாகக் கொடுக்கும் மாத்திரை. தறி, கட்டட வேலை, மஞ்சள் வெட்டு என்று ராத்திரிக்கு ராத்திரி போடுகிறவர்களுக்கு வயிற்றில் வலியே காட்டாமல் புண் வந்து, முதல் அறிகுறியாகவே ரத்தம் வரலாம். பேர் தெரியாத பொட்டல மாத்திரை வேண்டாம், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

கொழந்தைக்கு வயித்துல தொக்கம் நின்னுக்கிச்சு, எடுத்தாச் சரியாயிடும்ங்கறாங்க.

விழுங்கிய சோறு நாள்கணக்கில் ஓரிடத்தில் ஒட்டி நிற்பதில்லை, இரைப்பை சில மணி நேரத்தில் அதைக் கீழே தள்ளிவிடும். குழந்தை சாப்பிடாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்தால் காய்ச்சல், மூத்திரத் தொற்று, குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது), குடல்வால் வீக்கம் என்று வேறு காரணம் இருக்கும். தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவதில் கழிகிற அந்த ஒரு நாள்தான் பெரிய நஷ்டம். வயிற்றை அழுத்தி உருவுவதும் ஆபத்து.

பொம்மை, ரிமோட்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே அது சதையை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயித்தால போகுதுங்க. இளநீ குடுத்தாப் போதுமுங்களா?

பொள்ளாச்சி இளநீரே ஆனாலும் அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். இளநீர் கொடுக்கலாம், ஆனால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் கட்டாயம். பெரிய பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பொடியை ஒரு டம்ளரில் போடுவது தப்பு, உப்பு கூடிவிடும். பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. குழந்தைகளுக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் உண்டு, பேதி நின்றாலும் அதை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம்.

ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை போடாதீர்கள். கண் குழிந்து, 6 மணி நேரமாக மூத்திரம் போகாமல், குழந்தை துவண்டால் உடனே ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கு 4 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வேறு கணக்கு, குடல் காசநோயும் குடல் அழற்சியும் அதில் அடக்கம்.

பொண்ணுக்குப் பெருங்குடல் அழற்சின்னு சொல்லிட்டாங்க. வெளிய தெரிஞ்சா சம்பந்தம் கெட்டுப் போயிடாதுங்களா?

இந்த நோய் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்குவது, ஆகவே கல்யாணப் பேச்சும் அதே சமயத்தில் வரும். மறைப்பதற்காக மாத்திரையை நிறுத்தினால் நோய் முற்றி, மறைக்கவே முடியாத நிலைக்கு வரும். மருந்தில் அடங்கியிருந்தால் படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் உண்டு. கருத்தரிக்கும் முன் குறைந்தது 3 மாதமாவது நோய் அடங்கியிருப்பது நல்லது, எந்த மருந்தைத் தொடரலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இது தொற்றாது. பேச்சு உறுதியாகும் முன் மாப்பிள்ளை வீட்டில் நேராகச் சொல்லிவிடுவதே எங்கள் யோசனை. மருந்தை ஒளித்து வைத்துச் சாப்பிடும் வாழ்க்கை எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம்.

பிரசவத்துக்கப்பறம் அடக்க முடியாம கசிஞ்சிருதுங்க. இதெல்லாம் யாருகிட்டச் சொல்றது?

பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிந்திருந்தால் இப்படி வரும், வயது ஏற ஏறக் கூடும். மகப்பேறு மருத்துவரிடமே சொல்லலாம். இடுப்பு அடித்தளத் தசைப் பயிற்சி, மலத்தைக் கட்டியாக்கும் உணவும் மருந்தும், தேவைப்பட்டால் தசையைச் சேர்த்துத் தைப்பது என்று வழிகள் உண்டு. "பிள்ளை பெத்தா இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

இன்னொன்று: 50 வயதுக்கு மேல் புதிதாக வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துபோவது என்று தினமும் இருந்தால் கேஸ் என்று விடாமல் கருப்பையையும் சினைப்பையையும் ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள்.

கொலனோஸ்கோப்பின்னு எழுதிட்டாங்க. என்னென்ன செய்யோணுமுங்க?

ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் இது. குழாய் உள்ளே போவதைவிட அதற்கு முந்தைய நாள்தான் கஷ்டம், அதை ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. குடலில் மலம் மிச்சமிருந்தால் சின்னக் கட்டி மறைந்துவிடும், சில சமயம் முழுதையும் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துவார்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இவற்றை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை எழுதி வாங்குங்கள். இரண்டு நாள் முன்பிருந்து கீரை, கொய்யா, தக்காளி, ராகி, கம்பு, கொள்ளு வேண்டாம். இந்த இரண்டு நாள் வெள்ளைச் சோறும் இட்லியும் ரசமும்தான். முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு தெளிந்த திரவம் மட்டும்: தண்ணீர், இளநீர், வடிகட்டிய ரசம், பால் இல்லாத டீ. மோரும் பாலும் தெளிந்த திரவம் அல்ல. சிவப்புச் சாயம் போட்ட ஜூஸ் குடித்தால் உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

பேதிப் பொடியைப் பொதுவாக 2 லிட்டர் தண்ணீரில் கரைப்பார்கள். 10, 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். பாதியை முந்தைய ராத்திரியும் மீதியை அன்று காலையும் குடிக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், எல்லாவற்றையும் ராத்திரியே குடித்துவிட்டால் விடிவதற்குள் மறுபடி குடலில் கசடு சேரும். குமட்டினால் குளிரவைத்து, ஸ்ட்ரா வைத்து, கொஞ்சம் எலுமிச்சை சேர்த்துக் குடியுங்கள். கடைசியில் மூத்திரம் போல மஞ்சளாய்த் தெளிந்து போனால் தயார். கலங்கலாகவே போனால் போனதும் நர்ஸிடம் சொல்லுங்கள்.

சோதனை 20 முதல் 40 நிமிடம். மயக்க ஊசி போட்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வேண்டும். கட்டி தெரிந்தால் அப்போதே சோதனைக்குக் கொஞ்சம் சதை எடுப்பார்கள், பாலிப் என்ற முளையானால் கம்பி வளையத்தால் அறுத்தே எடுத்துவிடுவார்கள். குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. வீட்டுக்கு வந்த பிறகு கடும் வலி, காய்ச்சல், தொடர்ந்து ரத்தம் இருந்தால் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்கள்.

தொந்தரவே இல்லீங்க. அப்பவும் பார்க்கோணுமுங்களா?

நம் நாட்டில் அரசு வீடு தேடி வந்து பார்க்கும் புற்றுநோய்ச் சோதனை வாய், மார்பு, கருப்பை வாய் மூன்றுக்குத்தான். குடலுக்கு நாமே கேட்டால்தான் உண்டு. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதில் தொடங்கச் சொல்கிறார்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் யாருக்காவது குடல் புற்று வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 வருசம் முன்பே, எது முந்தியோ அப்போது பாருங்கள். இதனால்தான் பெரியப்பா எதனால் இறந்தார் என்பதை "வயித்து வலி" என்று மூடாமல் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும்.

முளை புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருசமளவு எடுக்கும், நடுவில் எடுத்துவிட்டால் அந்த முளை புற்றாகாது. அமெரிக்கப் பதிவுகளின்படி, குடலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தவர்களில் 100-க்குச் சுமார் 90 பேர் 5 வருசம் தாண்டி வாழ்கிறார்கள். கல்லீரல், நுரையீரலுக்குப் பரவிய பிறகு அது சுமார் 15 பேர்.

செலவு எப்படிங்க?

கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தால், அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், உங்களுக்கும் குடும்பத்துக்கும் அதிலேயே பார்க்கலாம். கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவையுங்கள், குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரை. நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுப்பது எளிது. அட்டை இல்லாவிட்டாலும் கோவை, திருப்பூர், பெருந்துறை, நாமக்கல், கரூர், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காலையில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

ரிப்போர்ட்டு வாங்கி வெச்சிட்டேன். அதோட முடிஞ்சுதுங்களா?

எடுத்த சதையின் ரிசல்ட் வரச் சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். வாங்கி பீரோவில் வைக்காமல் டாக்டரிடம் திரும்பக் காட்ட வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: முழுக் குடலையும் பார்த்தீர்களா, குடல் சுத்தமாக இருந்ததா, அடுத்தது எந்த வருசம் வரோணும். முளை எதுவும் இல்லையென்றால் பொதுவாக 10 வருசம், இருந்தால் அதன் எண்ணிக்கை, அளவு, வகையைப் பொறுத்து 3 முதல் 10 வருசத்துக்குள். அந்த வருசத்தை ரிப்போர்ட்டின் மேலேயே பேனாவால் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற கவரில் சேர்த்து வையுங்கள்.